இறக்கைப் பெண்களின் பால்

சவுத்தாம்ப்டன்
4 மே 1984

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். உங்கள் இருமல் குறைந்ததா? மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

விமான அருங்காட்சியகத்துத் தேநீர்க்கடை வேலை நன்றாகத்தான் போகிறது. நேற்று மட்டும் ஒரு சின்னப் பேச்சு. போர்க்காலத்தில் நீங்கள் செய்ததுபோல் விமான இறக்கைத் துணிக்குப் பசை பூசும் பெண் பொம்மை ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள். உதட்டுச் சாயத்தோடு, கையில் பால் புட்டியோடு இளிக்கிறது. பக்கத்தில் நான் கொடுத்திருந்த உங்கள் படம். 'இறக்கைப் பெண்களின் பால்' என்று பெயர் வைத்து எங்கள் கடையில் பால் விற்கவும் போகிறார்களாம்.

மேலாளர் பிரூவெட், "உங்கம்மாவை வரச் சொல்லும்மா. ஒரு டம்ளர் குடிக்கிற மாதிரி படம் எடுத்துக்கலாம். தினம் ஓசிப் பாலாமே, குடுத்துவெச்சவங்க" என்றார்.

"பசை நெடியில மயங்கி விழாம இருக்கத்தான் சார் அது. பாலைப் பாத்தா அந்த நெடி ஞாபகம் வருதுன்னு எங்கம்மா இன்னிக்கும் டீல பால் சேக்க மாட்டாங்க."

"அதை எழுதிவெச்சா எவன் வாங்குவான்?"

இருபது வருஷம் அடுப்படியில் இருந்தவள் நான். எங்கிருந்து தைரியம் வந்ததோ, படத்தைக் கழற்றிக்கொண்டேன். அந்தப் பாலை ஊற்றித்தர மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை போய்ப் பார்த்தால்தான் வேலை இருக்கிறதா என்று தெரியும். கவலைப்படாதீர்கள்.

காலையில் இன்னும் குளிர்கிறது, என் கம்பளிக் கையுறையை அனுப்புங்கள். ஞாயிறு ஜெபத்தில் என் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள். நம் ஊர்ப் பெயர் இங்கே யார் வாயிலும் நுழைவதில்லை, அதைச் சரியாகச் சொல்ல ஆளில்லை. தபால் எடுக்க வந்துவிடுவார்கள், முடிக்கிறேன். படம் இதற்குள் இருக்கிறது. அதில் நீங்கள் சிரிக்கவில்லை.

மகள்
எலுனெட்