தேதி அழிந்த புட்டி

பிப்ரவரி 4
செல்கள் ஒன்றுதான். என் கையில் பாதி மூச்சு, ஹதானோ சான் கையில் முழு மூச்சு. குறிப்பிட்ட ஒரு மரபணுவை நீக்கினால் செல்லுக்குக் குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தை எரிக்கத் தெரியாது, மைட்டோகாண்ட்ரியா இழுக்கும் ஆக்சிஜன் பாதியாகும் — போன வருடம் வந்த என் கட்டுரையே இதுதான். இந்த ஜப்பானிய ஆய்வகத்தில் பதினேழு வருடமாகச் செல் வளர்க்கும் ஹதானோ சான், மூன்று முறை செய்தும் குறையவில்லை என்கிறார். எரிச்சலாக வருகிறது.

பிப்ரவரி 19
செல்லுக்கு உணவாக ஊற்றும் மீடியம் புட்டியில், ஹதானோ சான் திறந்த தேதியை எழுதி அதன்மேல் டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். ஆல்கஹாலால் துடைக்கும்போது எழுத்து போய்விடுமாம். கல்யாணப் பரிசா கட்டுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.
“என் கை சரியாத்தான் இருக்கு டாக்டர். உங்க புட்டியை ஒரு தடவை பாருங்க.”
எனக்கே பாடமா?

மார்ச் 3
அவருடைய ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிக்கலாமா என்று பேராசிரியர் இவாபுச்சி கேட்டார். ‘கையில் பழைய நிதானம் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 31
ஹதானோ சானுக்குப் பூங்கொத்து கொடுத்து வழியனுப்பினோம். ஒவ்வொருவர் முன்னாலும் நின்று தலைகுனிந்தார். என் முன்னாலும்.

ஜூன் 11
குளிர்பெட்டியைச் சுத்தம் செய்தேன். மூலையில் என் புட்டி, தேதி இருந்த இடத்தில் நீலக் கறை மட்டும். ஒன்றோடொன்று கலக்கக்கூடாதென்று இருவகைச் செல்லுக்கும் தனித்தனிப் புட்டி வைப்பேன். சாதாரண செல்லுக்கானது வாரத்தில் தீர்ந்துவிடும். மரபணு நீக்கியது கொஞ்சமாகத்தான் வளரும், அதனால் அந்தப் புட்டி மாதக்கணக்கில் கிடக்கும். திறந்து நாள்பட்டால் மீடியத்தில் இருக்கும் குளுட்டமின் தானாகவே சிதைந்துவிடும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். எரிக்கத் தெரியாத செல்லா அது, இல்லை எரிக்க ஒன்றுமே கிடைக்காத செல்லா? அய்யோ, என்ன காரியம் பண்ணிட்டேன்.

ஜூன் 20
இரண்டுக்கும் புதுப் புட்டி. மரபணு நீக்கியதற்கும் முழு மூச்சு. மூன்று முறையும்.

ஜூன் 23
பேராசிரியரிடம் சொன்னேன். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம். ஹதானோ சானை மறுபடி அழைக்கலாமா என்றேன். ஏப்ரலிலேயே ஆள் போட்டாகிவிட்டது, தெரியாதா என்றார். தெரியும். கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஜூலை 6
ஒரு பெட்டி பயறு இனிப்போடு அவர் வீட்டுக்குப் போனேன். இப்போது கடைத்தெருவில் மதியச் சாப்பாடு பொட்டலம் கட்டுகிறாராம். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன், நான் எழுதிக் கொடுத்த அந்த ஒரு வரி உட்பட. தலை நிமிரவில்லை எனக்கு. முடிந்ததும் அவர் பெட்டியை வாங்கி, திருப்பி, அடியில் ஒட்டியிருந்த தேதிச் சீட்டைப் படித்தார்.
“இன்னும் பத்து நாள் தாங்கும்” என்றார்.
உள்ளே வரச் சொல்லவில்லை. கதவை மெதுவாகத்தான் சாத்தினார்.