முனியாண்டிக்குப் போன குதிரை

சிலிபின்,
ஈப்போ.

அன்புத் தம்பி சுரேனுக்கு,

அக்கா புஷ்பலதா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நான் நலம். உன் மச்சான் தர்மேந்திரன் நலமா என்பதை நீ அனுப்பிவைத்த குதிரையிடம்தான் கேட்கவேண்டும். என்னைவிட அதனோடுதான் அதிகம் பேசுகிறார். போனில் சொல்லலாம் என்றால் பக்கத்தில் வந்து நிற்கிறார். வாட்ஸ்அப்பில் சொன்னால் நீ அப்படியே அவருக்குத் திருப்பி அனுப்புவாய். உன் லட்சணம் எனக்குத் தெரியாதா? அதனால்தான் கடிதம்.

ஜொகூரில் குதிரைச் சவாரிப் பள்ளியில் வேலை பார்க்கிறாயே, கொஞ்சம் மூளை இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த மாதம் பந்தயத் திடல் லாயத்தில் குதிரை பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெறப்போகிற மனுஷன் கேட்டாராம், நீ உடனே இன்னும் ஒருவரும் ஏறாத இளங்குதிரையை லோரியில் ஏற்றி அனுப்பினாயாம். ஒரு கைத்தடி அனுப்பியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். போன வருஷம் லாயத்துக் குதிரை ஒன்று உதைத்து அவர் இடுப்பெலும்பு விரிசல் விட்டது உனக்குத் தெரியும். மறுபடி விழுந்தால் எழுந்து நடப்பது சந்தேகம் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொன்னார். இவர் நன்றாகத் தலையாட்டினார். அதுவும் லாயத்தில் கற்றுக்கொண்டதுதான்.

வந்த அன்று அதைக் கார் நிறுத்துகிற இடத்தில் கட்டினார். என் கருவேப்பிலைச் செடியை மொட்டையடித்தது. காயப்போட்ட சேலையில் மூக்கைத் துடைத்தது. யானையைக் கட்டித் தீனி போட முடியுமா என்பார்கள், இந்த வீட்டில் அது ஒன்றுதான் பாக்கி. நிறமாவது பார்க்கும்படி இருக்கிறதா? துவைத்துத் துவைத்துப் பழுத்த பனியன் நிறம். அதற்கு ராஜா என்று பெயர் வேறு. அக்கம்பக்கத்தார் முணுமுணுக்கவும், அவர் பிறந்த பழைய ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுபோய் முனியாண்டி கோயிலுக்குப் பின்னால் புல்தரையில் கட்டினார். தினமும் மோட்டார் சைக்கிளில் போய் அதற்கு முதுகு தேய்த்துவிட்டு வருகிறார். என் முதுகுக்கு ஒரு நாள் தைலம் தடவியதில்லை.

இந்த வயதில் இது எதற்கு என்று கேட்டேன். "இத்தன வருஷமா கயித்தப் பிடிச்சுக்கிட்டு நடந்துட்டேன் லதா. ஒரு தடவ மேல ஒக்காந்து பாத்துடுறேன்லா" என்றார். உட்கார்ந்தால் நேராகச் சுடுகாட்டுக்குத்தான் ஊர்வலம் என்று சொல்லிவிட்டேன்.

நான் சும்மா இருப்பேனா? கமுந்திங்கில் குதிரை பழக்குகிற ஒரு சீனரிடம் அதை விலை பேசினேன். இவர் ஓய்வு பெற்று வீட்டில் உட்காருவதற்குள் வந்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். இல்லையென்றால் மறுநாளே ஏறிவிடுவார்.

அதற்குள் உன் மச்சான் ஒரு காரியம் செய்துவைத்திருந்தார். புதுக் கார் வாங்கினால் முனியாண்டி கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவோம் அல்லவா? இந்தப் புத்திசாலி மனுஷன் குதிரையின் நான்கு காலுக்கும் வைத்திருக்கிறார். பூசாரி ராமையா அதற்கு மேல். திருநீறு பூசி, கழுத்தில் மஞ்சள் துணி கட்டி, எதிரே ஒரு சுருட்டையும் கொளுத்தி வைத்துவிட்டார். கோயில் வாசலில் இருந்த சாமியின் சிமெண்டுக் குதிரை போன மழையில் விழுந்து உடைந்துபோயிருந்தது. போதாதா? சாமி தனக்கு வேறு வெள்ளைக் குதிரை வரவழைத்துக்கொண்டார் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. அந்தப் பனியன் அவர்கள் கண்ணுக்கு வெள்ளை!

சீனருடைய லோரியோடு நான் அங்கே போனபோது, கோயிலுக்கு எதிரே கடை வைத்திருக்கும் செல்லாயி குறுக்கே நின்றுவிட்டாள். "முனியாண்டிக்கு விட்ட குதிரைய விக்கிறதுக்கு நீ யாருடி?" என்று என்னைக் கேட்டாள். ராமையாவிடம் போனால், சாமி முன்னால் கட்டிய துணியை அவிழ்க்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்கிறார். கட்டும்போது மட்டும் இருந்ததாம். சீனர் சாமியைக் கும்பிட்டுவிட்டு வெறும் லோரியோடு திரும்பிப் போனார்.

இனி விற்க முடியாது. ஏறவும் முடியாது. முனியாண்டி குதிரையில் மனுஷன் உட்காருவானா? நான் கத்திக் கத்தியும் நடக்காததை நாலு எலுமிச்சம்பழம் முடித்துவிட்டது. எனக்கு நல்லதுதான்.

போன வெள்ளிக்கிழமை அதற்கு மாலை போட்டுக் கோயிலைச் சுற்றி அழைத்துவந்தார்கள். ஊரெல்லாம் குதிரையைத் தொட்டுக் கும்பிட்டது. புது வேட்டி கட்டிக்கொண்டு, இடுப்பைச் சாய்த்துச் சாய்த்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தது யார் தெரியுமா? உன் மச்சான்தான். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு சிரித்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நடுவே அழுகையும் வந்து தொலைத்தது. அதை அவரிடம் சொல்லாதே.

நீ கெடுத்ததை நீயே சரிசெய். உங்கள் பள்ளியில் கடிக்காத, உதைக்காத, நின்றுகொண்டே தூங்குகிற கிழட்டுக் கட்டைக் குதிரை ஏதாவது இருக்கும். அவர் ஓய்வு பெற்றதும் உன்னைப் பார்க்க என்று சொல்லி ஜொகூருக்கு அழைத்துவருகிறேன். நீ இடுப்பு நோகாமல் மெதுவாகத் தூக்கி உட்காரவை. எலுமிச்சம்பழம் கொண்டுவர நான் விடமாட்டேன்.

முனியாண்டி உன்னையும் பிள்ளைகளையும் காப்பாற்றட்டும். நீ ஏற்றிவிட்டால் போதும் தம்பி. கயிற்றை நான் பிடித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன்மேல் இன்னும் கோபம் தீராத அக்கா,
புஷ்பலதா