கூடையில் போடச் சொன்ன முக்காடு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுறது. இங்க நானும் அப்பாவும் உன் தங்கச்சியும் ஆண்டவன் கிருபையில உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கோம், நீயும் அந்தக் குளிர்ல காதை மூடிக்கிட்டு நல்லபடியா இருப்பேன்னு நம்புறேன். அப்பாவுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலை, ஆனா டயர் கடையில குனிஞ்சு நிமிர்ற வேலையைக் குறைச்சுக்கோங்கன்னா என் மேல எரிஞ்சு விழறாரு. எனக்குப் பல் ஆஸ்பத்திரியில எப்பவும்போலத்தான், நாள் பூரா அடுத்தவங்க வாயைப் பார்த்துக்கிட்டு நிக்கிறேன். ஆனா தம்பி, இந்த மாசம் நான் கேட்ட பேச்சு மாதிரி எந்தச் சொத்தைப் பல்லும் நாறினதில்லை. போன்ல பாதியும் பாதியுமா கேட்டுட்டு நீயா ஏதோ முடிவு கட்டிக்கிட்டே, அதான் உட்கார்ந்து முழுசா எழுதுறேன்.

உன் தங்கச்சி, நம்ம குட்டி, கொஞ்ச காலமா முக்காடு போடுறது உனக்குத் தெரியும். நான் சொல்லிப் போடலை, நானே போடுறதில்லையே. ஒருநாள் தானா கட்டிக்கிட்டு வந்து நின்னா, என்னடி இதுன்னேன், எனக்குப் பிடிச்சிருக்கும்மான்னா, சரி போன்னு விட்டுட்டேன். காலேஜ்லயும் யாரும் ஒண்ணும் கேக்கலை. லேப்ல நெருப்புக்கிட்ட நிக்கும்போது மட்டும் முனையைக் கோட்டுக்குள்ள செருகிக்கோன்னு டீச்சர் சொல்வாங்களாம், இவளும் செருகிப்பா, விஷயம் அவ்வளவுதான். இப்போ புதுசா ஒரு பிரின்சிபால் வந்திருக்காரு. வந்ததும் வராததுமா மதச் சின்னம் எதுவும் உள்ள வரக்கூடாதுன்னு உத்தரவு. கெமிஸ்ட்ரி பிராக்டிகல் பரீட்சை அன்னிக்குக் காலையில வாட்ச்மேன் அறை ஓரமா ஒரு பழைய திரையைக் கட்டி, பக்கத்துல நீலக் கலர் பிளாஸ்டிக் கூடை வச்சிருக்காங்க. கழட்டிக் கூடையில போட்டுட்டு உள்ள போ, சாயங்காலம் பொறுக்கிக்கோன்னு. அழுக்குத் துணி போடுற கூடை தம்பி, நம்ம குளியலறையில இருக்கே, அதே மாதிரி. திரை ஒரு பக்கம்தான் மறைக்குது, இன்னொரு பக்கம் பசங்க நின்னு போனைத் தூக்கிப் பிடிச்சுப் படம் எடுக்கிறானுங்க, ஒரு வாத்தியார் அவனுங்களைத் துரத்தாம கையைக் கட்டிக்கிட்டுச் சிரிக்கிறாரு. இவகூடப் படிக்கிற சோடாபுட்டி, அதான் நம்ம வீட்டுக்கு வந்தா பிஸ்கட் டப்பாவைத் தொடைச்சு வச்சுட்டுப் போவாளே, அவ அழுதுக்கிட்டே கழட்டிப் போட்டுட்டு உள்ள ஓடிட்டா. குட்டி கழட்டலை. பரீட்சை முடியற வரைக்கும் கேட்டுக்கு வெளியவே வெயில்ல நின்னா.

குட்டிகிட்டயிருந்து போன் வந்ததும் டாக்டர்கிட்டச் சொல்லிட்டு அப்படியே ஓடினேன். பிரின்சிபால் ரொம்ப மரியாதையா உட்காருங்கம்மான்னு தண்ணி கொடுத்தாரு. தேன் ஒழுகுற குரல்ல, இது வெறும் துணிதானே, இதுக்குப் போய் ஒரு வருஷத்தைப் பாழாக்கலாமான்னாரு. வெறும் துணின்னா அதுக்கு ஏன் சார் கூடை வச்சுக் காத்துக்கிட்டிருக்கீங்கன்னு கேட்டேன். உங்க பொண்ணோட சுதந்திரத்துக்காகத்தான் இவ்வளவும்னாரு. அவ வெளியே நாக்கு வறண்டு நிக்கிறா, இவர் விசிறிக்கு அடியில உட்கார்ந்து அவளுக்குச் சுதந்திரம் கொடுக்கிறாராம். அவர் சட்டைக்கு வெளியே சாமி டாலர் தொங்குது, இது என்ன சார்னேன், அது வேற, எங்க குடும்ப வழக்கம்னு உள்ள தள்ளிக்கிட்டாரு. அந்தத் தண்ணியைத் தொடாம எழுந்து வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்தா அங்க அடுத்த கூத்து. உங்க பெரியப்பா நம்ம ஜமாத்துச் சங்கத்து ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு வந்து கூடம் நிறைய உட்கார்ந்திருக்காரு. குட்டியை மேடையில ஏத்திப் பாராட்டப் போறாங்களாம். இந்தப் படிப்பே வேணாம்னு அவ வாயால சொல்லணுமாம், கழட்டிட்டுப் போன சோடாபுட்டியை மானங்கெட்டவன்னு ரெண்டு வார்த்தை திட்டணுமாம். இவர் பையன் வேலை பார்க்கிற இடத்துல தாடியை எடுன்னதும் மறுநாளே மழமழன்னு வழிச்சுக்கிட்டுப் போனானே, அதுக்கு எந்த மேடையும் போடலை. குட்டி இன்னும் முகம்கூடக் கழுவலை, அப்படியே நின்னுக்கிட்டு, பெரியப்பா, நான் போட்டது என் இஷ்டம், அவ கழட்டினது அவ கஷ்டம், ரெண்டுக்கும் நடுவுல உங்களுக்கு என்ன வேலைன்னு கேட்டுட்டா. பெரியவர் முகம் போன போக்கைப் பார்க்கணுமே. உன் அப்பா வாசக் கதவை அகலத் திறந்து வச்சுட்டு, டீ குடிச்சாச்சுன்னா கிளம்புங்கண்ணேன்னாரு.

பிறகு நாங்க யுனிவர்சிடிக்குப் போய் முறையிட்டோம். கேட்டுல நடந்ததைச் சொல்லக் கூட வந்தது யாருன்னு நினைக்கிறே, அந்தச் சோடாபுட்டிதான். சங்கத்து ஆளுங்க அவ தெருவுல நின்னு கன்னாபின்னான்னு பேசிட்டுப் போனதுக்கு அப்புறமும் வந்தா. எனக்குத் தைரியம் இல்லைன்னுதான் அன்னிக்குக் கழட்டினேன் ஆன்ட்டி, அதைச் சொல்றதுக்காவது வரேனேன்னா. கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். அங்க உள்ளவங்க மறுபரீட்சைக்கு உத்தரவு போட்டாங்க, ஆனா அந்த விதியைப் பத்தி யோசிக்கிறோம்னு நழுவிட்டாங்க. காலேஜ்ல என்ன பண்ணினாங்க தெரியுமா, மத்தவங்க கண்ணுல படக்கூடாதுன்னு குட்டியை மட்டும் உடைஞ்ச நாற்காலி போட்டு வைக்கிற அறையில உட்கார வச்சாங்க. ஒழுகுற குழாய், பல்லி எச்சம், ஒரு மேஜை. முக்காட்டோடயே செஞ்சா, பாஸும் ஆயிட்டா. திரையும் கூடையும் இன்னும் அங்கதான் இருக்கு. மத்தப் பொண்ணுங்க தினமும் கழட்டிப் போட்டுட்டுத்தான் போகுதுங்க.

நீ போன்ல எனக்கு அனுப்பின ரெண்டு மெசேஜையும் படிச்சேன். ஒருநாள், ஒரு மணி நேரம் கழட்டினா என்ன குறைஞ்சுடும்னு கேட்டிருந்தே, மறுநாளே விட்டுக்கொடுக்காதே, நாம யாருன்னு காட்டுன்னு எழுதியிருந்தே. நல்லவேளை, ரெண்டையும் நான் அவகிட்டச் சொல்லலை. பிரின்சிபாலும் பெரியப்பாவும் அவ தலையையே பார்த்துக்கிட்டிருந்தது போதும்டா, நீயும் அங்கிருந்து பார்க்காதே.

வேளைக்குச் சாப்பிடு, கம்பளிச் சட்டையை மடிச்சு வைக்காம போட்டுக்கோ. எந்தக் குறையும் இல்லாம நீ நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிட்டே இருக்கேன். மறக்காம இந்த ஞாயித்துக்கிழமை தங்கச்சிக்குப் போன் பண்ணி, பரீட்சையில என்ன கொடுத்தாங்க, எப்படிச் செஞ்சேன்னு கேளு. ஏதோ ஒரு உப்பைக் கொடுத்து என்னன்னு கண்டுபிடிக்கச் சொன்னாங்களாம், முதல் தடவையிலேயே சரியாச் சொல்லிட்டாளாம், கண்ணு மின்ன என்கிட்ட விளக்கினா, எனக்குப் பாதிதான் புரிஞ்சுது. இத்தனை பேர் வந்து போனாங்க, அவகிட்ட ஒருத்தர்கூட அதைக் கேக்கலை.

இப்படிக்கு,
உன் அம்மா