வயல் இல்லாத ஊர்

நவம்பர் 12, புதன்

வெள்ளிக்கிழமை என் கட்டுரைத் தொகுப்பை விரிவுரையாளரிடம் கொடுக்க வேண்டும். முதல் பருவத்தில் எழுதியதை வைத்து, அதைப் பற்றி இப்போது என்ன நினைக்கிறேன் என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். பழையதில் கை வைக்கக் கூடாது.

பழைய கட்டுரை 'என் ஊர்', மலாயில் எழுதியது. இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். பச்சை வயல், தெளிந்த ஆறு, விடியலில் மண்வெட்டியோடு கிளம்பும் அப்பா.

"நம்ம புலாவ் செபாங்ல வயல் எங்கம்மா இருக்கு?" என்றார்.

"ஸ்கூல்ல பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணதுப்பா. எல்லாரும் அப்படித்தான்லா எழுதுவாங்க. யூனிவர்சிட்டிலயும் அதையே எழுதிட்டேன்."

அவர் கோபப்படவில்லை. அதுதான் உறுத்துகிறது. "அந்த அப்பா நல்லாத்தான் இருக்காரு," என்று சொல்லிவிட்டுக் கை கழுவினார். தான் ஓட்டும், செம்பனைப் பழக் குலை ஏற்றும் லாரியின் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

இதுவரை ஒரு வரிதான் எழுதியிருக்கிறேன்: 'இந்தக் கட்டுரையில் என் அப்பா இல்லை.'

அடுத்த வரியில், விடியலில் அவர் எத்தனை மணிக்கு லாரியை எடுப்பார் என்று எழுத நினைத்தேன். எனக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் நான் ஒரு நாளும் விழித்திருந்ததில்லை.