அம்மா சொன்ன முடிவு

அன்பு மகளுக்கு,

எனக்கு ரொம்பப் பிடித்த பத்துப் படங்களை எழுதி அனுப்பச் சொன்னாய். பத்தாம் வகுப்புப் பரீட்சையில்கூட நான் இப்படித் திணறியதில்லை. உண்மையைச் சொல்கிறேன், சிரிக்காதே. தென்காசி தியேட்டரில் நான் ஒரு படத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. எழுத்துப் போட்டதுமே தூங்கிவிடுவேன்.

படம் விட்டு மேலகரத்து வீட்டுக்குச் சாரலில் நடந்து வரும்போது உன் அம்மாதான் கதை சொல்லுவாள். "ஏங்க, உங்க கொறட்டைல பாட்டே கேக்கல" என்று ஏசிவிட்டுத்தான் தொடங்குவாள். எனக்குப் பிடித்த படமெல்லாம் அவள் வாயால் பார்த்தவை. அவள் போன பிறகு தியேட்டர் பக்கமே போகவில்லை.

கடைசியாக, எங்கள் கல்யாண நாளன்று பார்த்தது ஒரு நோயாளிப் பெண்ணின் கதை. "அவளுக்கு என்னதான் ஆச்சு?" என்று கேட்டேன்.

"பொழச்சு வீட்டுக்கு வந்துட்டா. நீங்க குடைய நேராப் பிடிங்க."

உனக்காக நேற்று மத்தியானம் அந்தப் படத்தை டி.வி.யில் முழித்திருந்து பார்த்தேன். அந்தப் பெண் பிழைக்கவில்லை. வியாதியை வீட்டுக்காரனிடம் சொல்லாமலே போய்விடுகிறாள்.

பீரோவிலிருந்து அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்துத் தேதி பார்த்தேன். அந்தக் கல்யாண நாளுக்கு நான்கு நாள் முந்தைய தேதி. என்னிடம் அவள் சொன்னதோ மூன்று மாதம் கழித்து.

டி.வி.யை அணைத்த பிறகு, "ஏங்க, தூங்கிட்டியளா?" என்று காதருகே கேட்டது. தியேட்டரில் கேட்கும் அதே குரல்.

"இல்ல, முழிச்சுத்தான் இருக்கேன். சொல்லு" என்றேன்.

அந்த ஒரு படத்தை மட்டும் பட்டியலில் போட்டுக்கொள். முடிவை யாராவது கேட்டால், அம்மா சொன்னதையே சொல்.

இப்படிக்கு,
உன் தூங்குமூஞ்சி அப்பா