முதலில் வந்த வண்டி

என்னங்க,

இன்று காலை வேலூர் வண்டியில் ஏறியதும் புதுப் பெயிண்ட் வாசனை. கம்பியைப் பிடித்தால் உள்ளங்கையில் லேசாக ஒட்டியது. சீட்டு ரெக்சின்கூட மாற்றியிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்த அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னா நாத்தம்மா இது, கொமட்டுது" என்றாள். என் வாய் என்னைக் கேட்காமலே பதில் சொன்னது: "எஃப்.சி. முடிஞ்சு வந்திருக்குங்க. ரெண்டு நாள்ல போயிடும்." அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். யாரோ டிரைவர் பெண்டாட்டி என்று நினைத்திருப்பாள். வருஷா வருஷம் வண்டியைத் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோவார்கள், அதற்கு முன்னால் பெயிண்ட் அடிப்பார்கள் என்பதெல்லாம் சாமிப் படத்துக்குப் பிரேம் போடுகிறவர் மனைவிக்கு எதற்குத் தெரிய வேண்டும்? நீங்கள் சொல்லிச் சொல்லித் தெரிந்துவிட்டது. இப்போது அதைக் கேட்க ஆள் இல்லாமல், பக்கத்து சீட்டுக்காரர்களிடம் உளறிக்கொண்டு வருகிறேன்.

கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்குக் கீழ்பென்னாத்தூர் கிளம்பிய நாளை நான் மறக்க மாட்டேன். எண்பத்தொன்பது, ஆவணி மாசம். பூவும் பழமும் ஸ்வீட் டப்பாவுமாகப் பட்டுப்புடவையில் வெந்துகொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். வண்டி வந்தது. உட்கார இடமும் இருந்தது. நீங்கள் ஏறவில்லை. "இது வேணாம், அடுத்ததுல போலாம்" என்றீர்கள். அடுத்ததும் வந்தது. அதற்கும் தலையை ஆட்டிவிட்டீர்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த மனுஷனுக்கு எங்கள் வீட்டுக்கு வரவே இஷ்டமில்லையோ என்று மனசு என்னென்னவோ நினைத்தது. அப்புறம் ஒரு பழைய வண்டி முனகிக்கொண்டு வந்து நின்றதும் உங்கள் முகம் மலர்ந்ததே, அதை இப்போதும் பார்க்கிறேன். "வா வா, இதான். ஏத்தத்துல செகண்ட் கியர் போடுவான் பாரு, அப்ப பாடும்."

ஏரிக்கரை ஏற்றத்தில் அது ஊளையிட்டது. "கேட்டியா சரளா?" என்றீர்கள். ஒரு பைத்தியத்துக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டோம் என்று அப்போதே முடிவு செய்தேன். ஆனால் நீங்கள் கேட்ட அந்த ஆசையைப் பார்த்து, "கேட்டுதுங்க" என்று சொல்லித் தொலைத்தேன். அந்த ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு எத்தனை வருஷம்! எந்த டிப்போ வண்டிக்கு ஜன்னல் கம்பி எத்தனை, எந்த டிரைவர் பிரேக்கை எப்படி அழுத்துவார், எந்த வண்டி மழையில் எந்த சீட்டில் ஒழுகும்? சாதம் போடும்போதும் சொல்வீர்கள், கொசுவலை கட்டும்போதும் சொல்வீர்கள். நான் "உம்" போட்டுக்கொண்டு நாளைக்கு என்ன குழம்பு என்று யோசிப்பேன். அது உங்களுக்கும் தெரியும்.

தேரடித் தெருக் கடையில் முருகனும் லட்சுமியும் அண்ணாமலையாரும் வரிசையாகத் தொங்க, பின்சுவரில் உங்கள் பஸ் படங்கள் தொங்கும். எல்லாவற்றுக்கும் தங்கக் கலர் பிரேம். ஆந்திராவிலிருந்து வந்த ஒருவர் வரிசையாகக் கும்பிட்டுக்கொண்டே போய், திண்டிவனம் வண்டியையும் கும்பிட்டுவிட்டுப் போனார். நான் அதைச் சொல்லி ஊரெல்லாம் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் கடைக்கு வருகிற யாரிடமாவது அந்தப் படங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்து, அவர்கள் கண் வேறு பக்கம் போனதும் பாதியில் நிறுத்திக்கொள்வீர்கள். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

அப்புறம்தான் இன்டர்நெட் வந்தது. ஆசிரமத்துப் பக்கம், செங்கம் ரோட்டில், வெள்ளைக்காரர்களுக்காக வைத்திருந்த பிரௌசிங் சென்டரில் யாருக்கோ பிரேம் கொடுக்கப் போனவர், சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றீர்கள். "சரளா, என்ன மாதிரி ஆளுங்க இருக்காங்க."

"எங்க?"

"எல்லா ஊர்லயும்."

பஸ் பைத்தியங்களுக்கென்று ஒரு குழு. ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததில்லை. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி அனுப்பிக்கொள்வார்கள். குடியாத்தத்தில் ஒரு பேக்கரி மாஸ்டர், செய்யாற்றில் ஒரு கணக்கு வாத்தியார், துபாயில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்துகொண்டு ஊர் வண்டிகளை நினைத்து ஏங்கும் ஒரு பையன். 'பின்படிக்கட்டு' என்ற பேரில் ஒருவர். இந்தப் பின்படிக்கட்டு ஜாஸ்தி பேசமாட்டார், பேசினால் தப்பாது என்று நீங்கள் சொல்வீர்கள். "பின்படிக்கட்டு சாரு சத்தத்த வெச்சே வண்டியச் சொல்றாரு!" கடை சாத்தியதும் சைக்கிள் தானாக அங்கே போய்விடும். எனக்கு நிம்மதியாக இருந்தது. உங்களுக்குப் பேச ஆள் கிடைத்தது, எனக்குக் குழம்பைப் பற்றி யோசிக்க நேரம் கிடைத்தது.

அந்தச் சித்திரா பௌர்ணமிக்கு மறுநாள் காலை உங்களுக்கு நினைவிருக்கும். அம்மா போன பிறகு என் அப்பா நம்மோடு இருந்தார். மறதி வந்துவிட்டது. திடீரென்று எழுந்து, "மல்லாட்ட புடுங்க ஆளு வந்திருக்கும், நான் போறேன்" என்பார். வேர்க்கடலை போட்ட நிலத்தை விற்று வருஷங்கள் ஆகியிருந்தன. அன்றைக்கு நான் குளித்துவிட்டு வருவதற்குள் வாசல் கதவு திறந்து கிடந்தது. ஊர் முழுக்க ஜனம். மலை சுற்றி முடித்தவர்கள் மூட்டை மூட்டையாக ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். போலீஸ் பந்தலில் சொல்லி மைக்கில் அப்பா பேரைக் கூப்பிட வைத்தோம். காணாமல் போன எத்தனையோ பேரோடு அவர் பேரும் காற்றில் போனது.

வேலூர் ரோட்டில் போட்டிருந்த தற்காலிக பஸ் நிலையத்தில் வேகவைத்த மல்லாட்டை விற்கும் குப்பம்மாதான் துப்புக் கொடுத்தாள். "உங்கப்பாவா? என்னாண்ட ஒரு பொட்டலம் வாங்கினு, நல்லா வேகலன்னு சண்ட போட்டுட்டு, பஸ்ஸுல ஏறிகினு பூட்டாரே."

"எந்த ஊரு பஸ்ஸு?" என்று நான் பதறினேன்.

"எனக்கின்னா தெரியும்? போர்டே இல்ல. சாக்பீஸ்ல கிறுக்கி வெச்சிருந்தான், அதுவும் அழிஞ்சு கெடந்துது."

பௌர்ணமிக்கு எங்கெங்கோ இருந்து ஸ்பெஷல் வண்டிகள் வரும். டவுன் பஸ்ஸைக்கூட அனுப்புவார்கள். அப்பா எந்தத் திசையில் போகிறார் என்றுகூடத் தெரியவில்லை. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் குப்பம்மா எதிரில் குந்திக்கொண்டு நிதானமாகக் கேட்டீர்கள்: "யக்கா, ஹாரன் எப்டி இருந்துது?"

எனக்கு உங்களை அடிக்கலாம் போல இருந்தது. குப்பம்மாவோ யோசித்துச் சொன்னாள். "ஆடு கத்தற மாதிரி."

"ஆடா, கன்னுக்குட்டியா?"

"ஆடுதான். சளி புடிச்ச ஆடு."

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. பச்சைக் கலர், பழசு. கடைசி ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை, தகரம் அடித்திருந்தது. டிரைவர் தலைக்கு மேலே சின்ன மணி ஒன்று தொங்கியது. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, என்னைச் சைக்கிளில் பின்னால் ஏற்றி, அத்தனை கூட்டத்துக்குள்ளும் பெல் அடித்துக்கொண்டே செங்கம் ரோட்டுக்கு மிதித்தீர்கள்.

நீங்கள் தட்டத் தட்ட நான் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கடை மொபைல் நம்பரையும் போட்டீர்கள். பதில்கள் வர ஆரம்பித்தன. செய்யாறு வாத்தியார், தகரம் வைத்த வண்டி ஆற்காட்டில் ஒன்று இருக்கிறது, ஆனால் அதற்கு மணி கிடையாது என்றார். துபாய்ப் பையன், ஆட்டுச் சத்தம் வந்தால் ஹாரனுக்குள் தகடு விரிந்திருக்கும், அப்படி விரிய இன்ன வருஷத்து வண்டியாக இருக்க வேண்டும் என்று ஆரம்பித்தான். அதற்கு வாத்தியார் மறுப்பு. அங்கேயே ஒரு பட்டிமன்றம் நடந்தது. "வண்டிக்குள்ள என் மாமனார் இருக்காருடா!" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துக் கத்தினீர்கள். தியானத்துக்கு வந்த வெள்ளைக்காரப் பெண்மணி ஒருத்தி திரும்பிப் பார்த்தாள்.

அப்போதுதான் பேக்கரி மாஸ்டர் வந்தார். அது எங்க ஊர் டவுன் பஸ், அந்தத் தகரம் எங்க பேக்கரியின் பழைய போர்டில் வெட்டியது, உள்பக்கம் பார்த்தால் பன் படம் இருக்கும் என்று எழுதினார். அடுத்ததாக இன்னொன்று: அந்த டிரைவருக்கு சுகர், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், வேலூர்ப் பக்கம் திரும்பினால் கண்ணமங்கலம் கூட்ரோட்டில் இட்லிக்கு நிறுத்தாமல் போகமாட்டார்.

அதற்குக் கீழே ஒரே வரி, பின்படிக்கட்டிடமிருந்து: நான் கண்ணமங்கலம்தான், போறேன்.

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. நாம் அந்த மொபைலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான் வேண்டாத சாமி இல்லை. ஒருவேளை போளூரிலேயே இறங்கியிருந்தால்? வெயில் ஏறிக்கொண்டே போனது. போன் அடித்ததும் நீங்கள் எடுத்தீர்கள். உங்கள் கண் அகலமானது. போனை என் காதருகே சாய்த்தீர்கள். பெண் குரல்.

"அண்ணா, நான் பின்படிக்கட்டு பேசறேன். வண்டியப் புடிச்சிட்டேன். ஆனா மாமா எப்டி இருப்பாரு? நீங்க அத எழுதவே இல்லியே!"

நீங்கள் திருதிருவென்று விழித்தீர்கள். ஹாரன், தகரம், மணி எல்லாம் எழுதினவர் அப்பா கறுப்பா சிவப்பா என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. அந்தக் குழுவில் ஒருத்தருக்கும் அதைக் கேட்கவும் தோன்றவில்லை. நான் போனைப் பிடுங்கி, "ஒல்லியா இருப்பாரும்மா, கட்டம் போட்ட துண்டு, கையில மல்லாட்ட..." என்பதற்குள் அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "தோலெல்லாம் மடியில கட்டிகினு உரிச்சிகினு இருக்காரே, அவரா? எறக்கிட்டேன் அண்ணி. கவலப்படாதீங்க." முகம் தெரியாத ஒருத்தி அண்ணி என்றதும் நான் அந்தப் பிரௌசிங் சென்டரிலேயே ஓவென்று அழுதுவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினோம். வேலூர்ப் பக்கம் கிளம்பிக்கொண்டிருந்த முதல் வண்டியில் என்னைத் தள்ளி ஏற்றிவிட்டு நீங்களும் தொற்றிக்கொண்டீர்கள். போர்டைப் பார்க்கவில்லை, நம்பரைப் பார்க்கவில்லை. போளூர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தீர்கள். உங்களைச் சமாதானப்படுத்தலாம் என்று, "இது எந்த டிப்போ வண்டிங்க?" என்று கேட்டேன். "தெரியல" என்றீர்கள். நம் கல்யாண வாழ்க்கையில் உங்கள் வாயிலிருந்து அப்படி ஒரு பதில் வந்தது அன்றைக்கு மட்டும்தான்.

பின்படிக்கட்டின் பேர் வளர்மதி. கூட்ரோட்டில் எஸ்.டி.டி. பூத், அதில் ஒரு கம்ப்யூட்டர். எதிரே பஸ் ஸ்டாப். "நாளெல்லாம் வண்டியத்தான் பாத்துகினு இருக்கேன், வேற இன்னா தெரியும் எனக்கு" என்றாள். பெண் என்று தெரிந்தால் பேச்சு மாறிவிடும் என்றுதான் அந்தப் பேராம். நீங்கள் அதுவரை போட்ட சார்களுக்கெல்லாம் சேர்த்து அசடு வழிந்தீர்கள். அப்பா பூத்துக்குள் ராஜா மாதிரி டீ குடித்துக்கொண்டிருந்தார். உங்களைப் பார்த்ததும், "மாப்ள, வண்டிக்குள்ள பன்னு படம் போட்டிருக்கான். பன்னு குட்றான்னா இல்லன்றான் அந்தக் கண்டக்டரு" என்று புகார் சொன்னார். நீங்கள் அவர் காலடியில் உட்கார்ந்து, அவர் மடியிலிருந்த தோலையெல்லாம் அள்ளிக் கீழே போட்டீர்கள். உங்கள் கண்ணில் தண்ணீர். திரும்பும்போது பழையபடி முதல் வண்டியை வேண்டாம் என்றீர்கள். அப்பாவும் ஏதோ தெரிந்தவர்போல உங்களோடு சேர்ந்து தலையாட்டினார்.

அப்பா நல்லபடியாக நம் வீட்டிலேயே கண்ணை மூடினார். போன ஐப்பசியில் நீங்கள் கடையில் பிரேமுக்கு ஆணி அடித்துக்கொண்டிருக்கும்போதே சாய்ந்தீர்கள். நான்தான் செங்கம் ரோட்டுக்குப் போய், அந்தக் குழுவில் எழுதச் சொன்னேன். காரியத்தன்று முன்பின் தெரியாதவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். "யாருங்க நீங்க?" என்று சொந்தக்காரர்கள் கேட்க, குடியாத்தம் மாஸ்டர், செய்யாறு வாத்தியார் என்று சொல்லிக்கொண்டு உங்கள் படத்துக்கு மாலை போட்டார்கள். அப்புறம் பந்தல் ஓரமாகக் கூடி நின்று ரகசியமாகப் பேசினார்கள். துக்கத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று மோர் கொண்டுபோனேன். யார் யார் எந்த வண்டியில் வந்தோம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தத் துக்கத்திலும் சிரிப்பு வந்தது. நீங்கள் இருந்திருந்தால் அங்கேதானே நின்றிருப்பீர்கள்.

இன்றைக்கு வளர்மதி மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் நீங்கள்தான் என்று அவள் முன்னமே சொல்லி வைத்திருந்தாளே. நான் வருவது நல்லா இருக்காது, சீரை யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன் என்றேன். "அண்ணி, நீங்க வராம கொழந்தைக்குக் காது குத்தமாட்டேன்" என்று போனை வைத்துவிட்டாள். பாவாடைத் துணியும் தோடும் பழத் தட்டும் எடுத்துக்கொண்டு போனேன். குழந்தை வீறிட்டு அழுதது, அப்புறம் என் மடியில் தூங்கிவிட்டது. உங்கள் மடியில் உட்கார வேண்டிய குழந்தை.

இன்னொன்று சொல்ல விட்டுவிட்டேன். அந்தப் பெயிண்ட் வாசனை வண்டி நான் ஏறிய வண்டிதான், முதலில் வந்த வண்டி அல்ல. அதற்கு முன்னால் ஒன்று வந்தது, காலியாக. நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன். கைக்குழந்தையோடு ஏறப்போன ஒரு பெண், "வேலூர் வண்டிதாம்மா, ஏறல?" என்று கேட்டாள்.

"இது அவருக்குப் புடிக்காதும்மா" என்றேன்.

அவள் என் பக்கத்தில் யாரையோ தேடிப் பார்த்துவிட்டு ஏறிப் போனாள். போகட்டும். என் அப்பாவுக்காக எந்த வண்டி என்றுகூடப் பார்க்காமல் ஏறினவர் நீங்கள். உங்களுக்காக நான் ஒரு வண்டியை விடக் கூடாதா?