ஆறாத கஞ்சியும் ஓடில்லாத முட்டையும்

என்னைக் கண்டாலே காலில் கிடக்கும் செருப்பைத் தேடிய என் அன்பு அக்காவுக்கு,

எவரும் நம்பாத கதை ஒன்றைச் சொல்லப்போகிறேன் என்று உன் படத்துக்கு முன்னால், ஊதுவத்தி சாட்சியாகச் சத்தியம் செய்கிறேன். நீயும் நம்ப மாட்டாய். இருந்தபோது மட்டும் நான் சொன்ன எதை நம்பினாய்?

போன மாதம் சைதாப்பேட்டையே நடுங்கிப்போனது அக்கா. மொட்டை மாடியில் உன் கோழிகள் ஓடில்லாத முட்டை இட்டன. வெறும் தோல். ஒன்றைக் கையில் எடுத்தேன், அது மூச்சு விட்டது! தண்ணீர்த் தொட்டிமேல் தமிழ்நாட்டுக் காக்கைகள் மொத்தமும் வந்து உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூடக் கரையவில்லை. தெருமுனைக் கறிக்கடையில் கத்தி கட்டைமேல் விழும்போதெல்லாம் உன் வெள்ளைக்கோழி வெள்ளச்சி அந்தப் பக்கம் தலையைத் திருப்புகிறாள்.

உன் மகள் மாலதி முடிவே செய்துவிட்டாள்.

“வயசாயிடுச்சு மாமா இதுங்களுக்கு. தானே முட்டைய உடைச்சு, தானே துன்னுது. ஞாயித்துக்கிழம கறிக்கடைக்காரர வரச் சொல்லிட்டேன்.”

“உங்கம்மா வளத்ததுடி.”

“அம்மாவே இல்ல. கோழி இன்னாத்துக்கு?”



காலில் விழாத குறையாகக் கெஞ்சி, ஒரு மாதம் தவணை வாங்கினேன். கம்பெனித் தீவனத்தை நிறுத்தினேன். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் ஸ்டெல்லாவிடம் கருவாட்டுத் தலை, செக்கில் எள்ளுப் புண்ணாக்கு, மில்லில் தவிடு, முட்டை ஓட்டுக்காகக் கிளிஞ்சல். நான் இடித்த இடியில் அடையாறு பாலம் ஆடியது. கிழட்டு வயிற்றுக்குத் தவிடு லேசில் செரிக்காதாம்; அதற்குள் பூட்டிக் கிடக்கும் சத்தைத் திறந்துவிட என்சைம் பொடி ஒன்றும் வாங்கிக் கலந்தேன்.

ஓடு வரவில்லை. உன் கறுப்புக்கோழி கறுப்பி ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை. மாலதி அவளைத் துணியில் சுற்றி எடுத்துப்போனாள். திட்டியிருந்தால் தேவலை.

கோழி டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

“பொடிய எப்படிக் கலக்கறீங்க?”

“எங்கக்கா முறைப்படிதாங்க. கஞ்சி தளதளன்னு கொதிக்கறப்பவே போட்டு, தவிட்டுல ஊத்திக் கிண்டி...”

“போச்சு. அவ்ளோ சூட்டுல அந்தப் பொடி செத்துடும் சார். தினமும் கொன்னுட்டுத்தான் வச்சிருக்கீங்க.”

கோழிக்குக்கூட ஆறின கஞ்சி வைக்காதவள் நீ. நீ போன பிறகும் அந்தச் சூடு குறையாமல் பார்த்துக்கொண்டோம். அதுவே உன் கோழிகளுக்கு எமனாகும் என்று யார் கண்டது? கறுப்பியும் அதனால்தான் போனாளா? டாக்டரம்மாவிடம் அதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்றிலிருந்து கஞ்சி ஆறிய பிறகுதான் பொடி. ராத்திரியில்தான் ஓடு கட்டுமாம், அதனால் கிளிஞ்சல் சாயங்காலத்தில். தவணை முடிந்த ஞாயிறும் வந்தது. படியில் கறிக்கடைக்காரரின் கூண்டு இடித்து இடித்து ஏறும் சத்தம். வெள்ளச்சி வைக்கோலிலிருந்து எழுந்தாள். கீழே ஒரு முட்டை. தட்டினேன், அந்த ஓசையில் மயிலாப்பூர்க் கோயிலில் சாயரட்சை மணி என்று எண்ணி நடையைத் திறந்துவிட்டார்கள்.

மாலதி வாங்கி, தானும் ஒருமுறை தட்டிப் பார்த்தாள். வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

“இன்னிக்கு வேணாண்ணா. அப்புறமா சொல்றேன்.”

அவர் சிரித்தார். “கெழட்டுக் கோழிம்மா. எங்க போயிடப் போவுது? கூண்டு இங்கியே கெடக்கட்டும், நான் வந்துக்கினேதான் இருப்பேன்.”

கூண்டு இன்னும் படியில்தான் இருக்கிறது. மாலதியும் அதைத் திருப்பி அனுப்பவில்லை.

நான் இருக்கும்வரை அதற்குள் உன் கோழியின் ஓர் இறகுகூடப் போகாது, அக்கா. கஞ்சியை ஆறவைத்துத்தான் கொடுப்பேன். அதற்கு மட்டும் கோபித்துக்கொள்ளாதே.

காக்கை மாநாடு, பாலம், கோயில் நடை எல்லாம் வழக்கமான என் சரக்கு, தள்ளிவிடு. ஆனால் கத்தி விழும்போது வெள்ளச்சி தலையைத் திருப்புகிறாளே, அது மட்டும் நிஜம். இதோ, இப்போதும் திருப்பினாள்.

உன் உடன்பிறந்தவன்,
உன் கோழிகளுக்குத் தாய்மாமன்,
கோபி